அவள் சொல்ல வைத்திருந்தது

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அதற்கு மேலும் நோண்டுகிறவர்களிடம், "பெண்களோட பேசுற வேலை" என்பேன். முழுதாகச் சொன்னது என் அம்மாவிடம் மட்டும்தான். பெண்களிடம் கொடுமையாக நடந்துகொண்ட ஆண்கள் மறுபடியும் அப்படிச் செய்யாமல் இருக்க வைத்தியம் உண்டா என்று பார்க்கிறோம், அவர்களிடம் சிக்கிச் சீரழிந்த பெண்கள் எழுந்து நிற்க என்ன உதவி வேண்டும் என்றும் பார்க்கிறோம், இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது என்று சொன்னேன். அம்மா அருவாமனையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அவனுங்களுக்கு இன்னாடி வைத்தியம்? இத்த எடுத்துகினு போ" என்று அருவாமனையைக் காட்டினார். ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பாதி நாட்களில் என் கருத்தும் அதுதான். அந்த ஆராய்ச்சியில் சம்பளம் வாங்குவதால் வெளியே சொல்வதில்லை.

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மாடியில்தான் எங்கள் இடம். கீழே கப்பல் கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடை. கன்டெய்னர் லாரி போனால் மாடி ஜன்னல் கடகடவென்று ஆடும், பேசுகிறவர்கள் நிறுத்திவிட்டு லாரி போன பிறகு தொடர்வார்கள். ஆண்கள் வரும் நாள் வேறு, பெண்கள் வரும் நாள் வேறு. ஆண்களை மனநல டாக்டர் ஒருவர் பார்த்துக்கொண்டார். பெண்கள் என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு விதி இருந்தது. அங்கே பேசியது இங்கே வராது, இங்கே பேசியது அங்கே போகாது. கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டு, வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாமியார் காதில் சொன்னது அவரோடு போய்விடும் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

டாக்டரை ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. அடையாறு பக்கத்து வசதியான வீட்டு ஆள். எதைச் சொன்னாலும் குரல் உயராது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல், இந்த ஜென்மங்களை உட்காரவைத்து டீ கொடுத்துப் பேச வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தண்டனை முடிஞ்சு இவங்க எங்க போவாங்கன்னு நினைக்கிறீங்க? என் தெருவுக்கு வரமாட்டாங்க. உங்க தெருவுக்குத்தான் வருவாங்க. வரும்போது எப்படி வரணும்?" என்றார். நான் டீ கிளாஸ்களைக் கழுவப் போனேன்.

அவருடைய முறை கேட்பதற்கு எளிது. ஆண்கள் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். "குடிச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிடுவார். "அவதான் சிரிச்சா" என்றாலும் நிறுத்திவிடுவார். சாக்கு இல்லாமல் சொல்ல வேண்டும், மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். போலீஸில் மாட்டியதை மட்டும் சொல்லிவிட்டு மாட்டாததை மறைக்கிறவன் இன்னும் குணமாகவில்லை என்பார். மாதக்கணக்கில் திக்கித் திணறி, ஒரு நாள் முழுவதையும் ஒருவன் சொல்லிவிட்டால், அன்று டாக்டர் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். நல்ல ஆராய்ச்சி என்றுதான் நானும் நினைத்தேன்.

என் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துப் பெண். முப்பதைத் தொடாதவள். கல்யாணமாகி அதே குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். புருஷன் காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகில் வேலை. போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். பெண்களுக்கு ஆலோசனை என்று நாங்கள் குப்பம் குப்பமாகப் போய்ச் சொன்னதைக் கேட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி வந்து சேர்ந்தாள். முதல் சில மாதங்கள் மாமியார் பற்றியும் எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து வந்து காயப்போட்ட துணியில் படிகிற சாம்பல் பற்றியும்தான் பேசினாள். நானும் அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

பிறகு ஒரு நாள், மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அங்கே மேஸ்திரியாக இருந்தவன் அதே குப்பத்து ஆள். அவன் தன்னிடம் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து, மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்த வேறொரு பெண் அவன் மேல் புகார் கொடுத்தாள். அவன் ஜெயிலுக்குப் போனான். "அவ போயி சொன்னா, அக்கா. நான் சொல்லல. நான் அப்பவே சொல்லிருந்தா அவ தப்பிச்சிருப்பால்ல?" என்று என்னைக் கேட்டாள். இல்லை, அது உன் பொறுப்பில்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையாட்டினாள், நம்பவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போலீஸ் வேண்டாம், கோர்ட் வேண்டாம். புருஷனிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அவன் தொடும்போதெல்லாம் தான் விறைத்துப் போவது ஏன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அது பொய் என்று தெரிய வேண்டும். "வேற யார்னா சொல்லி அவருக்குத் தெரிய கூடாதுக்கா. நான்தான் சொல்லணும். நான் சொன்னாத்தான் அது எப்டின்னு அவருக்குப் புரியும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். இது கூட முடியாதா என்று எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது.

அதற்காகப் பழகினோம். நான்தான் புருஷன். நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்துகொள்வேன். அவள் எதிரில் உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும், நடுவுல பேசாத" என்று ஆரம்பிப்பாள். பாதியில் நின்றுவிடுவாள். "சரி, தண்ணி குடிச்சிட்டுச் சொல்லு" என்பேன். "இவ்ளோ பொறுமையா எந்தப் புருசன்க்கா கேப்பான்? கொஞ்சமாச்சும் மொறைங்க" என்று சிரிப்பாள். முறைத்தால் அதற்கும் சிரிப்பாள். வாரம் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச தூரம் போனாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து புருஷன் கடலுக்குப் போயிருந்தான். ஆடித் திருவிழாவுக்கு வீட்டில் இருப்பான். கூழ் ஊற்றின மறுநாள், கூட்டமெல்லாம் போன பிறகு சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கடைசித் தடவை எங்கேயும் நிற்காமல் முழுவதும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுப் பசிக்கிறது என்றாள். கீழே போய் ஆளுக்கு ஒரு தட்டு இட்லி சாப்பிட்டோம்.

இதற்கு நடுவில் எனக்கு ஒன்று தெரிந்துபோனது. தண்டனை முடிந்து வந்த அந்த மேஸ்திரி எங்கள் மாடிக்குத்தான் வந்துகொண்டிருந்தான். ஆண்களின் பதிவேட்டில் இருந்த அடையாளமும் குப்பமும் வழக்கும் அவள் சொன்னதோடு பொருந்தின. ஒரு நாள் நான் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கப் போனபோது, படியில் எனக்கு வழிவிட்டு, "வாங்கம்மா" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றான். நரைத்த தலை. கையில் டிபன் பாக்ஸ். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விதி என்று ஒன்று இருக்கிறதே, அவளிடம் இதை நான் சொல்லக் கூடாது. டாக்டரிடம் கேட்டேன். அந்த ஆள் இங்கே யாரைப் பற்றிப் பேசினாலும் அது வெளியே போகாதே என்று கேட்டேன். "இந்த அறையில சொன்னது இந்த அறையைத் தாண்டாது. என்னை மீறித் தாண்டாது" என்றார். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். அதில் சந்தேகமே இல்லை.

அந்தக் குப்பத்தில் கூழ்த் திருவிழாவுக்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் பகை இருக்கக் கூடாது. அதனால் அன்று சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். அடுத்தவன் வலையை அறுத்தவன், அண்ணனோடு பேச்சு விட்டவன், குடித்துவிட்டு ஊர்த் தலைவரைத் திட்டியவன், யாராக இருந்தாலும் எழுந்து தன் தப்பைத் தானே மைக்கில் சொல்லி ஊர் முன்னால் விழ வேண்டும். யாருக்குத் தப்பு செய்தானோ அந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டை நீட்ட வேண்டும். அவர்கள் தட்டை வாங்கிவிட்டால் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. வாங்காவிட்டால் காப்பு இல்லை, கூழ் இல்லை. அந்த வருஷம் கடலில் எந்த உயிர் போனாலும் பழி தட்டை வாங்காத வீட்டின் மேல் வரும். இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். வேடிக்கையாக இருக்கும், வாங்க என்று கூப்பிட்டதும் அவள்தான்.

நான் போனபோது அவள் அடுப்படியில் இருந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார், புருஷன் இன்னும் கடலிலிருந்து திரும்பவில்லை. ஒலிபெருக்கியைத் தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்ததால் நாங்கள் வீட்டுக்குள் இருந்தே கேட்டோம். வலைச் சண்டைக்காரர்கள் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். யாரோ ஒருவன் போதையிலேயே மன்னிப்புக் கேட்க வந்து, கீழே இறக்கிவிடப்பட்டான். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே, "வருசா வருசம் இவரு இதே மாரிதான்க்கா" என்று சிரித்தாள்.

அடுத்து அந்த மேஸ்திரியின் குரல் வந்ததும் கரண்டி நின்றது. ஜெயிலுக்குப் போய் ஊர் மானத்தை வாங்கியவன் என்று அவனை ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. எந்தப் படகிலும் ஏற்றவில்லை. அன்றைக்கு அவனைச் சேர்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் பேசிவைத்திருந்தார்கள். ஊர் அவனிடம் எதிர்பார்த்தது அந்த மணலி வழக்குக்கு ஒரு மன்னிப்பு. அதை அவன் கேட்டான். அத்தோடு விட்டிருந்தால், அந்த மணலிப் பெண் வெளியூர்க்காரி என்பதால் தட்டை ஊர்த் தலைவரே வாங்கியிருப்பார். அவன் விடவில்லை.

"இன்னும் ஒண்ணு கீது. கேஸுல வராதது. அத்தையும் சொல்லாம வுட்டா நான் சொன்னதுக்கு அர்த்தமே இல்ல" என்றான். குரல் உடைந்தது. "நான் குடிக்கல. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் செஞ்சேன்" என்றான். பிறகு அவள் பேரைச் சொன்னான். இன்ன வீட்டு மருமகள் என்றும் சொன்னான்.

அது டாக்டரின் வார்த்தை. சாக்கு இல்லாமல், மிச்சம் வைக்காமல். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரு எழுத்து பிசகாமல் அவன் சொல்ல, தெருவெல்லாம் அது கேட்டது. அவன் நடித்தான் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். படகில் ஏற வேண்டும் என்பதற்காக அழுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அழுகை பொய்யில்லை. வருஷக்கணக்காக இந்த மாதிரி ஆட்களோடு ஒரே கட்டடத்தில் இருக்கிறேன், பொய் அழுகை எனக்குத் தெரியும். அவன் உண்மையாகவே குணமாகிக்கொண்டிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எம் பேரையா சொன்னான்?" என்று கேட்டாள். "அக்கா, எம் பேரையா?" ஆமாம் என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குழம்பு இன்னும் கொதிக்கவில்லை என்று மறுபடி பற்றவைத்தாள். ஒலிபெருக்கியில் ஒரே சலசலப்பு. ஓடிப்போய் அந்த மைக்கைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிடுங்கி என்ன சொல்வேன்? அவன் சொன்னது பொய் என்றா?

தட்டு யார் வாங்குவது என்று ஒரு பேச்சு எழுந்தது. அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொல்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவள் என் கையைப் பிடித்தாள், விரல் நெரியும்படி. அப்போது அவள் மாமியாரின் குரல் மைக்கில் வந்தது. "எம் மருமவ வர மாட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆவல. ஆயிருந்தா அது ஆத்தா காலடியோட போச்சு. தட்ட இங்க குடு." வாங்கிவிட்டார். உடனே பறை முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், காப்புக் கட்டிவிட்டார்கள். அந்த மாமியாரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தின் நடுவில் மருமகளை நிற்கவைக்கக் கூடாது என்று ஒரு பெண்பிள்ளையால் அங்கே செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அவள் தலையைத் தடவினாள், ஒருத்தி கோயில் பூவை அவள் கொண்டையில் வைத்தாள். "வுடும்மா, அதான் முடிஞ்சி போச்சே" என்றார்கள். யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. ஊர்க் கட்டுப்பாடு அது, மீற மாட்டார்கள். கடைசியில் மாமியார் வந்து, அவளைப் பார்க்காமல், குழம்பில் உப்புப் பார்த்தார். நான் அங்கே ஒரு விருந்தாளி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் டாக்டரிடம் போய்க் கத்தினேன். படித்த மனுஷியாகப் பேசவில்லை, ராயபுரத்துக்காரியாகப் பேசினேன். கீழே கயிற்றுக் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப்பார்க்கும் அளவுக்கு. முதலில் டாக்டர், "பொறுப்பை முழுசா ஏத்துக்கிட்டிருக்கார்" என்று ஏதோ ஆரம்பித்தார். பிறகு நான் சொல்வது மண்டையில் ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். "எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் கொடுத்தோம். யார்கிட்ட, எங்கன்னு சொல்லிக் கொடுக்கவே இல்லையே" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. இந்த அறையைத் தவிர வேறு இடத்தில் ஒருவன் தன் பாவத்தைச் சொல்வான் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அடையாறில் யாரும் காப்புக் கட்டுவதற்கு முன்னால் மைக் பிடித்துத் தப்பைச் சொல்வதில்லை. கூண்டுக்குள் கிசுகிசுத்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. "அவங்க மறுபடி வருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கூழ் ஊற்றி, திருவிழா முடிந்து, பந்தல் பிரித்த பிறகு ஒரு நாள் நானே போனேன். கடற்கரைப் பக்கம் பாறைகளின் மேல் துணி விரித்து, கருவாட்டுக்கு மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். என் மேல் கோபம் இல்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

புருஷன் வந்துவிட்டானா என்று கேட்டேன். வந்துவிட்டான். படகு கரையை நெருங்கி செல்போனில் சிக்னல் கிடைத்ததுமே யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் நேராக வீட்டுக்கு வந்தான். அடித்தானா என்று கேட்டேன்.

"இல்லக்கா. அவரு தங்கமான மனுசன். எம் பக்கத்துல வந்து குந்துனாரு. நான், ஒண்ணு சொல்லணும், நடுவுல பேசாதன்னு ஆரம்பிச்சேன். கையப் புடிச்சிகினாரு. எனக்கு எல்லாம் தெரியும், நீ ஒண்ணும் சொல்ல வாணாம்னாரு. அவரு கண்ணுல தண்ணி. நீ கஸ்டப்பட்டு சொல்லவே வாணாம், முடிஞ்சி போச்சு, நான் உன்ன ஒரு நாளும் கேக்க மாட்டேன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணாருக்கா."

நல்லவன்தானே என்றேன்.

"நல்லவருதான்" என்றாள். குனிந்து ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "இப்பவும் அவரு தொட்டா எனக்கு அப்டியேதான் கீதுக்கா. அது ஏன்னு அவரு கேக்க மாட்டாரு. சத்தியம் பண்ணிட்டாரே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன்.